வெள்ளைச் சட்டி திறந்த நாட்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டில் நடப்பதை எல்லாம் நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்கு வசதியாக வளைக்கவும் மாட்டேன். இப்படிச் சொல்லி ஆரம்பித்த நோட்டுகள் முன்பும் இருந்தன. வீடு மாறும்போது அவை தொலைந்துவிட்டன. இது தொலையாது என்று நம்புகிறேன்.

என் பெயர் சுடர்க்கொடி. ஒன்பதாம் வகுப்பு. ஜூன் மாதம் இந்தத் தும்பக்காட்டுக்கு வந்தோம். மலைமேல் வானாய்வு மையம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் குடியிருப்பில் கடைசி வீடு எங்களுடையது. அம்மா விண்மீன்களைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனால் இங்கே அவருக்கு வேலை விண்மீன்களைப் பார்ப்பது இல்லை. மையம் என்ன செய்கிறது என்று மக்களுக்கு எடுத்துச் சொல்வது. ஒப்பந்தம் அக்டோபர் கடைசி வரை.

அக்டோபரில் ஒரு வால்நட்சத்திரம் வருகிறது. சூரியன் மறைந்ததும் மேற்கே, மிகத் தாழ்வாகத் தெரியும். மேற்கே தாழ்வாக இருப்பது தும்பக்காடு ஊர். தெருவிளக்குகளின் வெளிச்சம் எழும்பி அந்த இடத்தை வெளுக்க வைக்கிறது. அந்த மாலைகளில் மட்டும் விளக்குகளை அணைக்க ஊராட்சி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ள வைப்பது அம்மாவின் பொறுப்பு. "அது நடந்தால் உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாம்" என்று இயக்குநர் சொன்னாராம். அம்மா இதைப் போனில் பெரியம்மாவிடம் சொன்னார். நான் பருப்பு களைந்துகொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

அப்பா ஓசூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். இன்று செய்யவில்லை. வேலை இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டேன். லேபிளில் என் பெயரைப் பேனாவாலும் பள்ளியின் பெயரைப் பென்சிலாலும் எழுதினேன். பக்கத்து பெஞ்சு செவந்தி பார்த்துவிட்டு, "ஏன் பாதி பென்சிலு? பேனா தீந்துடுச்சா?" என்றாள். பென்சில் அழிக்க வசதி என்று சொன்னேன். அவள் தன் பேனாவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பெரிய பலகை வைத்தார்கள். மையத்தின் படம், அதன் மேல் ஒரு வாசகம். அம்மா மூன்று வாசகங்கள் எழுதி வைத்திருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டினேன்.

"மேகமற்ற வானமே எங்கள் செல்வம்."

சின்னதாக, அழகாக இருக்கிறது. பேருந்தில் போகும்போதே படித்து முடித்துவிடலாம். இன்று மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பலகையில் யாரோ சாணி அடித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செவந்தியின் அம்மா பேருந்து நிறுத்தத்தில் கடை வைத்திருக்கிறார். டீ, போண்டா, சோப்பு, செருப்பு, பேட்டரி எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் அவர்கள் நிலம். சாமை விதைப்பதற்கு உழுது போட்டிருக்கிறது. கட்டி கட்டியாக, காய்ந்த ரொட்டி மாதிரி கிடக்கிறது. ஆடி முடியப் போகிறது, இன்னும் ஒரு மழை இல்லை.

நான் அவரை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டேன். செவந்திக்குப் புரையேறிவிட்டது. "ஆன்ட்டியாம்! அம்மா, நீ ஆன்ட்டியாம்!" அவர் சிரிக்கவில்லை. "அத்தைன்னு கூப்புடு போதும்" என்று சொல்லி என் கையில் ஒரு போண்டாவை வைத்தார். அவர் பெயர் பூங்காவனம்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். மேலே, மையத்தில் என்றேன். பூங்காவனம் அத்தை கரண்டியை நிறுத்தினார்.

"ஓ. வெள்ளைச் சட்டிக்காரங்க வூடா."

மையத்தின் கூரை வெள்ளையாக, அரைப் பந்து மாதிரி இருக்கும். ஊரில் அதற்குப் பெயர் வெள்ளைச் சட்டி. கவிழ்த்து வைத்த சட்டி. அது இரவில் இரண்டாகப் பிளந்து திறக்கும். சட்டி திறந்தால் மழை வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளே இருக்கிற கருவி மேகத்தை விரட்டுகிறதாம். போன வருடம் மழை பொய்த்தபோது சட்டி தினமும் திறந்திருந்ததாம்.

"எங்களுக்குத்தான் சந்தேகம்னு நெனச்சோம்" என்றார் அத்தை. "இப்ப நீங்களே போர்டு வெச்சுட்டீங்க. மேகம் இல்லாததுதான் உங்க செல்வம்னு. நாங்க இங்க மேகத்தைப் பாத்துக்கினு கழுத்து சுளுக்கி ஒக்காந்திருக்கோம். எந்தக் கேணைடி அதை எழுதுனது?"

நான் போண்டாவைக் கடித்தேன். உண்மையை எழுதுவேன் என்றுதான் முதல் நாள் சொன்னேன். உண்மையைப் பேசுவேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பள்ளிச் சீருடை துவைத்தேன். பலகையைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கொடியேற்றம், மிட்டாய். பிறகு கிராம சபைக் கூட்டம். அம்மா பேச வேண்டிய நாள். நேற்று மாலை முழுவதும் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தார். எனக்குப் பிடித்த நீலப் புடவை கட்டிக்கொண்டார்.

சமுதாயக் கூடத்தில் திரை கட்டிப் படங்கள் காட்டினார். எப்படி இருந்தது என்று நடந்தபடி எழுதுகிறேன். அம்மா "நிறமாலைப் பகுப்பாய்வு" என்றபோது முன்வரிசையில் ஒரு தாத்தா தூங்கிவிட்டார். "வளிமண்டல ஒளிச்சிதறல்" என்றபோது அவர் பக்கத்தில் இருந்தவரும் தூங்கிவிட்டார். எனக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் எனக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் என்னைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

ஊராட்சித் தலைவர் சடையன், "யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "சாப்பாடு உண்டா, இல்ல வெறும் மிட்டாய்தானா?" என்றார். நிறையப் பேர் சிரித்தார்கள்.

பிறகு பூங்காவனம் அத்தை எழுந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. சட்டி தொறந்தா ஏன் மழை வர்றதில்ல?"

அம்மா, "அது மூடநம்பிக்கை. அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது" என்றார்.

"அடிப்படை இருக்கட்டும் மேடம். பதில் இருக்கா?"

அம்மா நிதானமாகவே சொன்னார். மேகம் இருந்தால் விண்மீன்கள் தெரியாது. அதனால் மேகம் இல்லாத நாள்களில் மட்டும் கூரையைத் திறக்கிறோம். கூரையைத் திறப்பதால் மேகம் போகவில்லை, மேகம் இல்லாததால்தான் திறக்கிறோம்.

"அது நீங்க சொல்றது. கீழ இருந்து பாக்கற எங்களுக்கு, சட்டி தொறந்திருக்குது, மேகம் இல்ல. எது முன்னாடி, எது பின்னாடின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு பண்ணுங்க. மேகம் கட்டி நிக்கற நாள்ல ஒரு தடவ தொறந்து காட்டுங்க. மழை வந்துச்சுன்னா நாங்க வாயை மூடிக்கிறோம்."

கைதட்டினார்கள். தூங்கின தாத்தாகூட விழித்துக் கைதட்டினார். மழை நேரத்தில் திறந்தால் தொலைநோக்கியின் கண்ணாடி கெட்டுவிடும், முடியாது என்றார் அம்மா.

"பாத்தீங்களா, பயப்படறாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

விளக்குகளைப் பற்றிய தீர்மானத்தை அக்டோபர் இரண்டு கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். எழுந்து போகும்போது சடையன் அம்மாவிடம், "இப்பவே கேட்டா மொத்தமா இல்லன்னுதான் சொல்லுவாங்க. அதனாலதான்" என்றார். அவர் நல்லவர் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மா உப்புமா கிளறினார். அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை, அடிப்பிடித்த பகுதிதான் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். (பிடிக்காது.)

ஆகஸ்ட் 16, சனி

காலையில் அம்மா பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து, வாயில் நுரையோடு, "சுடர், அவங்க கேட்டது சரியான கேள்விடி" என்றார்.

எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. இரவெல்லாம் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு சோதனை வரும். ஒரே மாதிரி இரண்டு செடிகள், ஒன்றை வெயிலில் வைக்க வேண்டும், ஒன்றை இருட்டில். வெயிலில் மட்டும் வைத்தால் எதுவும் தெரியாது. மேகம் இல்லாத நாளில் மட்டும் சட்டியைத் திறந்தாலும் அப்படித்தான். மேகம் உள்ள நாளிலும் திறந்து பார்க்கச் சொல்கிறார் அத்தை. அது புத்தகத்தில் இருக்கிற விஷயம்.

"நான் அவங்களை மூடநம்பிக்கைன்னு சொன்னேன்" என்றார் அம்மா. "அவங்க சோதனை கேட்டாங்க. நான் முடியாதுன்னுட்டேன். அந்தக் கூட்டத்துல யாரு விஞ்ஞானி?"

பிறகு வாய் கொப்பளிக்கப் போனார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியை இந்த வாரம் கழற்றிவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை அதைக் கழுவி, மேலே புதிதாக அலுமினியம் பூசுவார்கள். எப்போதும் மழை மாதங்களில்தான் அந்த வேலை. செப்டம்பர் நடு வரைக்கும் கூரைக்குள் கண்ணாடி இருக்காது, இரும்புச் சட்டம் மட்டும்தான். ஆக, நனைந்தால் கெட்டுப்போக அங்கே எதுவும் இல்லை!

அம்மா இயக்குநரிடம் போனார். நான் வெளியே பெஞ்சில் வரலாற்றுப் பாடம் படித்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"டாக்டர் ரேணுகா, இன்று இதைச் செய்தால் நாளைக்குப் பேய் ஓட்டச் சொல்வார்கள். அதையும் செய்வோமா?"

"பேயை அவர்கள் நம்மிடம் கேட்கவில்லை சார். நம் கூரையைப் பற்றிக் கேட்கிறார்கள். நம் கூரையைப் பற்றி நாம்தான் பதில் சொல்ல வேண்டும்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு இயக்குநர் குரல். "உள்ளே தண்ணீர் விழுந்தால் ஆள் கிடையாது. நீங்களே துடைக்க வேண்டும்."

ஆகஸ்ட் 20, புதன்

அம்மா ஊருக்குள் போய்ப் பூங்காவனம் அத்தை கடையில் டீ குடித்தார். மேகம் கட்டும் நாளில் கூரையைத் திறக்கிறோம், நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றார். அத்தை டம்ளரைக் கழுவிக்கொண்டே, "பாக்கறதென்ன? பட்டனை நான் அமுக்குவேன். சரின்னா வரேன்" என்றார். அம்மா சரி என்றார்.

அத்தை டீக்குக் காசு வாங்கிக்கொண்டார். விரோதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீக்குக் காசு உண்டு என்கிறாள் செவந்தி.

ஆகஸ்ட் 23, சனி

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மதியத்துக்கு மேல் கிழக்கே கருகருவென்று மேகம் எழுந்தது. ஊரிலிருந்து இரண்டு டெம்போ நிறைய ஆட்கள் மேலே வந்தார்கள். பூங்காவனம் அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பச்சைப் பட்டனை அழுத்தினார். கூரை முனகிக்கொண்டு பிளந்தது. உள்ளே இருந்து பார்த்தால் வானம் ஒரு துண்டாக, சாம்பல் நிறத்தில் தெரிந்தது. எல்லோரும் அண்ணாந்து நின்றோம். ஒரு குழந்தை வாயைத் திறந்து வைத்துக்கொண்டது, முதல் துளி அதற்கு வேண்டுமாம்.

காற்று வந்தது. மேகம் நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, அப்படியே வடக்கே போய்விட்டது. வெயில் அடித்தது. குழந்தை வாயை மூடிக்கொண்டது.

"அப்பவே சொன்னேன்ல!" என்று டெம்போ ஓட்டுகிறவர் கத்தினார். "கண்ணு முன்னாடி வெரட்டுது பாரு!"

மையத்து இன்ஜினியர் ஒருவர் அம்மா காதோரம், "மேடம், இன்றைக்குக் காற்று சரியில்லை. இதைச் சேர்க்க வேண்டாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்" என்றார். அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்றைக்கு நாங்கள் கூரையைத் திறந்தோம். மழை பெய்யவில்லை. இது உங்கள் பக்கம் சேரும்."

அத்தை அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி.

இறங்கி வரும்போது அம்மாவோடு நான் பேசவில்லை. அந்த இன்ஜினியர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. (நினைத்தேன்.)

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா போன் செய்தார். ஓசூரில் நல்ல பள்ளிகள் இருக்கின்றன என்றார். இங்கேயும் இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பள்ளிவிட்டு அம்மாவும் நானும் அத்தை கடைக்குப் போனோம். அத்தையே பேச்சை எடுத்தார்.

"ஒரு நாளை வெச்சு நானும் முடிவு கட்ட மாட்டேன். சட்டி மூடியிருந்தாலும் மேகம் போற நாளு உண்டுதானே? அதையும் பாக்கணும்ல?"

அம்மா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! இருவரும் டீ ஆறும் வரைக்கும் பேசினார்கள். மேகம் கட்டும் நாளில் எல்லாம் செய்ய வேண்டும், சில நாள் திறந்து, சில நாள் மூடி. எந்த நாள் எது என்று யார் சொல்வது? அங்கேதான் சண்டை வந்தது.

"நாங்க சொல்றோம்" என்றார் அத்தை.

"நீங்கள் சொன்னால், மழை வராது என்று தோன்றுகிற நாளாகப் பார்த்துத் திறக்கச் சொல்வீர்கள்."

"நீங்க சொன்னா?"

"கொட்டப் போகிற நாளாகப் பார்த்துத் திறப்பேன்."

"அடி ஆத்தீ. ரெண்டு பேருமே திருடிங்கதான்!"

அத்தை சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. கடைசியில் செவந்தி, "பூவா தலையா போடுங்களேன்" என்றாள். பூ விழுந்தால் திறப்பது, தலை விழுந்தால் மூடி வைப்பது. காசுக்கு மழை வேண்டும் வேண்டாம் என்று ஆசை கிடையாது. அம்மா அவளை அப்படியே கட்டிக்கொண்டார். எனக்குத் தோன்றவில்லையே என்று ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது, பிறகு போய்விட்டது.

கடைச் சுவரில் கரும்பலகை மாட்டினோம். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கலாம். சனிக்கிழமை நடந்ததை முதலில் எழுதினோம். கோடு போட்டது நான், எழுதியது செவந்தி. என் எழுத்து நன்றாக இருக்கும், அவள் எழுத்து பெரியதாக இருக்கும். தூரத்திலிருந்து படிக்கப் பெரியதுதான் வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேகம். தலை. மூடி வைத்தோம். இரண்டு தூறல், அதோடு சரி. மழை என்று எழுதலாமா கூடாதா என்று பெரிய விவாதம். கடை வாசலில் வைத்த கிண்ணத்தின் அடி நனைந்தால்தான் மழை என்று முடிவு. அடி நனையவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

மேகம். தலை. மூடியிருந்தது. மேகம் அப்படியே தாண்டிப் போனது. கூரை மூடித்தான் இருந்தது!

டெம்போக்காரர் கரும்பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். "உள்ளுக்குள்ள கருவியைப் போட்டுட்டாங்களோ என்னவோ" என்றார். அத்தை, "உள்ள கருவியே இல்ல. நான் போய்ப் பாத்துட்டுத்தான வந்தேன். தார்ப்பாய் போத்துன இரும்புதான் நிக்குது. சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாத" என்றார்.

மேலே எங்கள் குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை. இரண்டு குடம் தூக்கினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நனைந்துவிட்டேன்! தலையைத் துவட்டிக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கலங்கினால் அது தண்ணீர்தான்.

மாலை மேகம் கட்டியது. செவந்தி காசைச் சுண்டினாள். பூ. பத்துப் பதினைந்து பேர் ஏறி வந்தோம். முதல் நாள் வந்த கூட்டம் இல்லை. சடையனும் வந்தார், ஆச்சரியமாக இயக்குநரும் வந்தார். அத்தை பட்டனை அழுத்தினார். கூரை பிளந்தது. இடி இடித்தது.

ஒரு துளி இயக்குநரின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கக் கழற்றினார். அவர் மறுபடி மாட்டுவதற்குள் வானம் கொட்டியது. தூறல் இல்லை, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. யாரும் ஓடவில்லை. ஓட வழியும் இல்லை, சிரிப்பில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார்கள். இயக்குநர் கூரைக்குள் நின்றுகொண்டு குடை பிடித்தார். அதைப் பார்த்துச் செவந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாந்து, முகத்தில் மழை அடிக்க அடிக்க நின்றார். கன்னத்தில் வழிந்தது எல்லாமே மழையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக்கூடாது.

பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஏம்மா ரேணுகா, மூடும்மா, போதும். நான் போய் வெதைக்கணும்" என்றார்.

மேடம் என்று சொல்லவில்லை. ரேணுகா என்றார்.

கரும்பலகையில் எழுத முடியவில்லை, அதுவும் நனைந்துவிட்டது. நாளை எழுத வேண்டும். தரையைத் துடைத்தது அம்மா, நான், செவந்தி, அத்தையின் முந்தானை, கடைசியாக இயக்குநர்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாமை விதைத்தார்கள். நானும் போனேன். எனக்கு நேராக வீசத் தெரியவில்லை, ஒரே இடத்தில் கொட்டிவிட்டேன். "அந்த எடத்துல காடு மொளைக்கும்" என்றார் அத்தை.

அப்பாவிடம் போனில் மழையைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அவர்கள் பேசியபோது நான் வெளியே போய்விட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலாண்டுத் தேர்வு. அறிவியலில் "சோதனை என்றால் என்ன?" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு பக்கம் எழுதிவிட்டேன். நேரம் போதவில்லை.

செப்டம்பர் 20, சனி

கண்ணாடி கூரைக்குள் திரும்பி வந்துவிட்டது. சோதனை முடிந்தது. கரும்பலகையில் திறந்த நாளிலும் மழை இருக்கிறது, மூடிய நாளிலும் மழை இருக்கிறது, இரண்டிலும் மழை இல்லாத நாள்களும் இருக்கின்றன. டெம்போக்காரர் அதைப் படித்துவிட்டு, "அப்ப மழை அதும் இஷ்டத்துக்குத்தான் வருது" என்றார். ஏமாற்றமாக இருந்தது அவருக்கு. கோபப்பட ஆள் இல்லாமல் போய்விட்டது.

அக்டோபர் 2, வியாழன்

கிராம சபை. அம்மா திரை கட்டவில்லை. நீலப் புடவையும் கட்டவில்லை. கரும்பலகையைக் கடையிலிருந்து எடுத்து வந்து நாற்காலியில் சாய்த்து வைத்தார். வால்நட்சத்திரம் எங்கே வரும் என்று கையை நீட்டிக் காட்டினார். "நம் ஊருக்கு மேலேதான் வருகிறது. ஊர் வெளிச்சத்தில் எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சில மாலைகள், ஒரு மணி நேரம் போல விளக்கை அணைத்தால் எல்லோருக்கும் தெரியும்." அவ்வளவுதான் பேசினார்.

சடையன் தாடையைச் சொறிந்தார். "இருட்டுல பாம்பு கீம்பு வந்தா?"

"டார்ச்சு வெச்சுக்க" என்றார் அத்தை.

"ஒரு தடவ நனைஞ்சுட்டு நீ அவங்க கட்சிக்கே போயிட்ட, பூங்காவனம்."

"நான் எந்தக் கட்சியும் இல்ல. மொத நாளு மழை வராதப்ப, உங்க பக்கம் சேரும்னு அந்தம்மா வாயால சொல்லிச்சு. மறைச்சிருக்கலாம், மறைக்கல. மறைக்காதவங்க வெளக்கை அணைன்னா நான் அணைப்பேன். ஆனா ஒண்ணு." அம்மாவைப் பார்த்தார். "நாங்க இருட்டுல ஒக்காந்திருப்போம், நீங்க மட்டும் மேல பாப்பீங்களா? சின்னக் கருவி ஒண்ணைக் கீழ கொண்டு வந்து வெக்கணும். அப்புறம் அந்த போர்டை எடுக்கணும்."

கை தூக்கச் சொன்னார்கள். தூங்குகிற தாத்தா இரண்டு கையையும் தூக்கினார். எல்லோரும் தூக்கவில்லை. ஆனால் போதுமான பேர் தூக்கினார்கள்.

இயக்குநர் அம்மாவிடம், "தீர்மானம் வேறு, அணைப்பது வேறு. அன்றைக்குப் பார்ப்போம்" என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் செவந்தியிடம் சொன்னேன். "அந்த போர்டுல இருக்கறதைத் தேர்ந்தெடுத்த கேணை நான்தான்."

"தெரியும்" என்றாள். "அன்னிக்கே உன் காது செவந்துடுச்சு."

அக்டோபர் 5, ஞாயிறு

புதுப் பலகை. இந்த முறை செவந்தியும் நானும் எழுதினோம், அத்தை படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அம்மாவிடம் காட்டினோம்.

"மழை வரும் இரவு ஊருக்கு. வராத இரவு எங்களுக்கு."

பழையதைப் போல அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் யாரும் சாணி அடிக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

இன்றுதான் முதல் மாலை.

காலையில் எல்லா நோட்டுகளையும் எடுத்து, லேபிளில் பென்சிலால் எழுதியிருந்த பள்ளியின் பெயரைப் பேனாவால் எழுதினேன். ஒப்பந்தத் தாள் இன்னும் வரவில்லை. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. செவந்தியின் பேனா அது, நன்றாக எழுதுகிறது.

இதைப் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச்சு முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறேன், சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது. மைதானம் நிறைய ஆட்கள். பாய் கொண்டு வந்திருக்கிறார்கள், பொரி கொண்டு வந்திருக்கிறார்கள். நடுவில் அம்மா சின்னத் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்துகிறார். டெம்போக்காரர் அதற்குக் காவல், குழந்தைகளைக் கிட்டே விடமாட்டேன் என்கிறார், ஆனால் அவரே மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டார். கிளம்பும்போது பார்த்தேன், எங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் அத்தை வைத்துவிட்டுப் போன சாமை நாற்று ஒரு டப்பாவில் இருந்தது. நான் கொட்டிய இடத்தில் முளைத்ததாம்.

சூரியன் மறைந்துவிட்டது. ஆனால் மேற்கே மேகம். மெல்லிய, அகலமான மேகம். அம்மா அதையே பார்க்கிறார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பூங்காவனம் அத்தை இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறார். "இன்னிக்கு ஒரே ஒரு நாளு இந்த மேகம் இல்லாம போனா என்னா கொறஞ்சு போயிடும்!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சடையன் சிரிக்க ஆரம்பித்தார், மைதானம் முழுவதும் சிரிக்கிறது. "போர்டைத் திருப்பி மாட்டுங்கப்பா! மேகமற்ற வானமே பூங்காவனத்தோட செல்வம்!" அம்மா முக்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். இந்த ஊருக்கு வந்த பிறகு, இல்லை, அதற்கும் முன்னாலிருந்தே, அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மேற்கே ஒரு கை அகலத்துக்கு மேகம் விலகியிருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டார். சடையனுக்குக் கை காட்டுகிறார்.

கோயில் தெரு விளக்குகள் போய்விட்டன. பள்ளிக்கூடத்துத் தெரு. பேருந்து நிறுத்தம். மேட்டுத் தெருவில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது, யாரோ "யோவ், அணைய்யா" என்று கத்தினார்கள், அதுவும் போய்விட்டது. இயக்குநர் இருட்டில் அம்மாவிடம், "திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வாருங்கள், கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது" என்கிறார். அம்மா, "அப்புறம் சார், முதலில் இங்கே பாருங்கள்" என்கிறார்.

கடைசியாக அத்தை கடையின் பல்பு மட்டும் இருக்கிறது. செவந்தி ஓடுகிறாள். ஓடும்போதே என்னைப் பார்த்து, "ஏ சுடரு, உன் சிவப்பையும் அணைடி!"

கடை பல்பு போய்விட்டது. இனி என் டார்ச்சு மட்டும்தான், அதையும் அணைக்கப் போகிறேன். தும்பக்காட்டின் விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன.